ஆவிக்காரம்மாவுக்குத் தைத்த பை

என் பெரியம்மா தையல்காரி. சட்டை, பாவாடை, தலையணை உறை, எதைக் கொடுத்தாலும் தைப்பாள். பேச்சு மட்டும் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவளைத் தேடி விஞ்ஞானிகள் வந்தார்கள் என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன.

ஊரில் ஓர் அம்மாள் ஆவிகளை அழைத்துக்கொண்டிருந்தாள். இருட்டறையில் மேசை தட்டும், மணி அடிக்கும், செத்தவர்களின் கை வந்து தொடும். அதைச் சோதித்தே தீர்வதென்று தாடிக்காரப் பேராசிரியர் ஒருவர் கிளம்பினார். கயிற்றால் கட்டினால் அவிழ்த்துக்கொள்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். ஆளைக் கழுத்துவரை ஒரு பைக்குள் விட்டு, கழுத்தைச் சுற்றித் தைத்துவிடுவது அவர் யோசனை. அதற்குத்தான் தன் கூட்டாளிகளோடு பெரியம்மாவைத் தேடி வந்தார்.

பெரியம்மாவின் ஒரே மகள் ஆறு வயதில் காய்ச்சலில், அவள் கையைப் பிடித்தபடியே போய்விட்டாள். அதைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சுவிடக் கூடாது. தைக்க அவள் ஏன் ஒப்புக்கொண்டாள் என்பது என் அம்மாவுக்கு மட்டும் தெரியும். தைத்து முடித்ததும் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கலாம், மகள் வந்தாலும் வருவாள் என்றுதான்.

முதல் தடவை நெருக்கித் தைத்தாள். ஒன்றும் வரவில்லை. அடுத்த தடவையும் அப்படித்தான். ஆவிக்காரம்மா பைக்குள் உட்கார்ந்து அழுதாள்.

"இப்படி மூட்டை கட்டி வச்சா யாருதான் வருவா?"

பெரியம்மா அதை அப்படியே நம்பினாள். தன் தையல்தான் மகளை மறிக்கிறது என்று நினைத்துவிட்டாள். சுவரைத் தாண்டி வருகிற ஆவிக்கு நூல் ஒரு தடையா என்று கேட்கத் தோன்றவில்லை. நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வருகிறது. மறுபடி கூடியபோது, கழுத்தோரம் நூலை நெகிழவிட்டுத் தைத்தாள்.

ஜன்னல்களை அடைத்து விளக்கை அணைத்தார்கள். சற்று நேரத்தில் ஒரு கை பெரியம்மாவின் கன்னத்தைத் தடவியது. அவள் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். அது இழுத்தது, உதறியது. அவள் விடவில்லை. கடைசியில் ஆவிக்காரம்மா வலி தாங்காமல் கத்திவிட, யாரோ விளக்கை ஏற்றினார்கள். பையின் கழுத்து வழியாகத் தோள்வரை வெளியே நீண்டிருந்தது அவள் கை.

பேராசிரியர் துள்ளிக் குதித்தார். "பிரமாதம்மா! கையும் களவுமா புடிச்சுட்டீங்களே!"

பெரியம்மா அப்போதும் அந்தக் கையை விடவில்லை.

"நான் எங்கய்யா புடிச்சேன்?" என்றாள். "போன தடவ விட்டுட்டேன். இந்தத் தடவ விட மனசு வரல."