ஏசியை அணைத்துவிட்டுப் பாடியவள்

இப்போது நான் வசிக்கும் அல் குசைஸில் நேற்று மதியம் எங்கள் ஃப்ளாட்டின் ஏசி நின்றுபோனது. அந்தத் திடீர் அமைதியில் ஏழு வயதுக்குப் போய்விட்டேன்.

அப்போது குவைத்தில், ஃபர்வானியாவில் இருந்தோம். கல்யாணத்துக்கு முன் அம்மாவின் தெம்மாங்குப் பாட்டுகள் மதுரையில் இரண்டு கேசட்டாக வந்திருந்தன. அதன்பின் அப்பா தடுத்துவிட்டார். "கண்டவனும் டீக்கடையில உன் குரலக் கேக்கணுமா?" என்பார். கேசட் கம்பெனி மூன்றாவதைக் கேட்டு எழுதியபோது, அப்பா டியூட்டிக்குப் போன நேரத்தில் வீட்டிலேயே பாடிப் பதிய அம்மா துணிந்தாள்.

இரைச்சல் விழாமலிருக்க ஏசியை அணைப்பாள். ஜன்னலில் போர்வையைத் தொங்கவிடுவாள். டேப் ரெக்கார்டர் பொத்தான் என் பொறுப்பு. வியர்வை வழிய அவள் பாடுவாள். என் காது லிஃப்ட் சத்தத்திலேயே இருக்கும்.

கடைசிப் பாட்டின் நடுவில் கதவில் சாவி திரும்பியது. நான் பொத்தானை நிறுத்தப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வந்த அப்பாவைப் பார்த்தபடியே பாடி முடித்தாள்.

"யாரக் கேட்டுப் பாடுன?" என்றார் அப்பா.

"யாரையும் கேக்கல. அனுப்பத்தான் போறேன்."

அப்பா ஒரு மாதம் அவளிடம் பேசவில்லை. கம்பெனியோ, சாவிச் சத்தம் விழுந்திருக்கிறது, திரும்பப் பாடி அனுப்புங்கள் என்று எழுதியது. "அப்படியே போடுங்க" என்று அம்மா பதில் போட்டாள்.

நேற்று, மெக்கானிக் வருவதற்குள், சாவிச் சத்தத்தோடே வெளிவந்த அந்தப் பாட்டைப் போனில் கேட்டேன். சாவி திரும்பும் இடத்தில் அம்மாவின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.