சங்கரன்கோவில் பூக்கடையில் ஒரே சேலையின் இரண்டு கிழிசல்

என் தங்கை மகன் முத்துக்குமார் எழுதிய மென்பொருளைச் சங்கரன்கோவில் பூக்கடை முதலாளி திருப்பி அனுப்பப் போகிறார் என்று தகவல் வந்தது. அனுப்பிவிட்டால் கம்பெனியில் அவன் வேலையும் போய்விடும். நான் எட்டாங்கிளாஸோடு நிறுத்தியவன்தான். ஆனால் கம்ப்யூட்டர் விஷயத்தில் அமெரிக்காக்காரனே என்னிடம் சந்தேகம் கேட்டிருக்கிறான். ஆகவே போன ஆவணியில் நேரில் கிளம்பினேன்.

திருநெல்வேலியிலிருந்து ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். டிக்கெட்டுக்கு ஐம்பது ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னல் சீட்டை டிரைவரே வந்து எனக்குத் துடைத்துக் கொடுத்தார். அப்போது வண்டி ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்காதீர்கள்.

இந்தப் பக்கத்து விவசாயிகள் மல்லிகையை மூட்டை கட்டிக் காலை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். கூட ஆள் வராது. மூட்டையின் வாயில் கட்டிய துணிதான் யாருடையது என்பதற்கு அடையாளம். யார் பூ எவ்வளவு வந்தது என்று கணக்கு வைப்பதுதான் மென்பொருளின் வேலை. முத்துக்குமார் முதலில் மூட்டையில் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டினான்; ஈரத்தில் உதிர்ந்தது. அப்புறம் துணியின் நிறத்தைப் பதியக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம் போட்டான். கடையில் துணியின் கோட்டையும் பதியக் கேட்டார்கள், அதற்கு ஒரு கட்டம். புள்ளி கேட்டார்கள், அதற்கும் ஒன்று.

நான் போன அன்று திருவேங்கடம் பக்கத்து அண்ணன் தம்பி இருவரின் பூவும் அண்ணன் பெயரிலேயே விழுந்திருந்தது. தம்பி மனைவி செல்லத்தாய் நேரில் வந்துவிட்டார்.

"எய்யா, நாங்க தனியாப் போயி மூணு மாசமாச்சு. ஒன் பெட்டி இன்னும் எங்களச் சேத்துல்லா வச்சிருக்கு?"

"ரெண்டும் செவப்புதானக்கா?" என்றான் முத்துக்குமார்.

"மாமியா சேலையக் கிழிச்சுப் பங்கு வச்சோம், நெறம் ஒண்ணாத்தான் இருக்கும். எங்க துணியில முடிச்சு கெடக்கே, அது தெரியலையா? ஒன் கம்ப்யூட்டருக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"மூட்ட தூக்குதவனுக்குத் தெரியுது, ஒம்ம மெசினுக்குத் தெரியல. நாளையோட எடுத்துட்டுப் போயிரும் வே" என்றார் முதலாளி.

"அண்ணாச்சி, இருவது நெறம் கேளுங்க, முப்பது முடிச்சு கேளுங்க, ராவோட ராவாப் போட்டுத் தருவான்" என்றேன் நான்.

முத்துக்குமார் என் காலை மிதித்தான். "மாமா, சும்மா இரிங்க. கேட்டதெல்லாம் போட்டுத்தான் இந்தக் கெதிக்கு வந்திருக்கேன். நாளைக்கு இன்னொரு அண்ணன் தம்பி பிரிவான். அதுக்கும் ஒரு கட்டம் போடவா?"

கேட்டுவிட்டு அவனே மூட்டை வாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு உட்கார்ந்து நிறம், கோடு, புள்ளி எல்லாவற்றையும் எடுத்தான். இனி ஒவ்வொரு வீட்டு மூட்டை வாயையும் ஒரு படம் எடுத்துப் பெயரோடு வைத்தால் போதும்; மூட்டை தூக்குகிறவர் அந்தப் படத்தைத் தொட்டால் கணக்கு ஏறிவிடும். ஒரு வீடு இரண்டானால் கடைக்காரர்களே புதுப் படமும் புதுப் பெயரும் சேர்த்துக்கொள்ளலாம். சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டான். யோசனையில் பாதி என்னுடையது; என் காலை மிதித்தபோதுதான் அவனுக்கு உதித்தது.

மறுநாள் செல்லத்தாய் மூட்டையோடு தானே பஸ்ஸில் வந்தார்.

"யாரு பேரப் போட, அக்கா?" என்று கேட்டான் முத்துக்குமார்.

"எம் பேரையே போடு. பறிக்கது நாந்தான."

கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்த சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு முதலாளியிடம் நீட்டினார். "இனிமே என் பூவ யாரும் மூத்தவுக பூவுன்னு சொல்ல முடியாதுல்லா, அண்ணாச்சி?"

"முடியாது" என்றார் அவர். பிறகு முத்துக்குமாரைப் பார்த்து, "பெட்டி இருக்கட்டும் வே. சிவகிரிக் கடையிலயும் ஒண்ணு போட்டுரும்."

சங்கரன்கோவில் போகிறவர்கள் பூ வந்து இறங்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். வெயில் ஏறினால் கூட்டம் கலைந்துவிடும். மென்பொருள் எழுதுகிறவர்கள் முதலாளி அறையில் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். மூட்டை இறங்கும் இடத்தில் ஒரு காலை முழுக்க நில்லுங்கள். வழுக்காத செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், அங்கே தரை எப்போதும் ஈரம்.