நான் இறந்ததென்று நிறுவிய இலுப்பை

மரத்தை வீழ்த்தக் கோடரி வேண்டும் என்று நினைப்பவர்கள் மேடைப் பேச்சின் வலிமையை அறியாதவர்கள். என் பத்தொன்பதாம் வயதில், கால் மணி நேரப் பிரசங்கம் ஒன்றினால், ஓங்கி நின்ற ஓர் இலுப்பைக்கு மரண தண்டனை வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் விவாத சபை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஓட்டுக்கூரை போட்ட ஒரு கூடத்தில் சனிக்கிழமைதோறும் மாலையில் கூடும். ராஜபாளையத்திலிருந்து நான் நடந்தே போவேன். வழியிலுள்ள புளிய மரங்களே எனக்கு முதற் சபையார். தொடக்கவுரையை ஒரு மரத்துக்கும் முடிவுரையை மற்றொரு மரத்துக்கும் உரக்கச் சொல்லிப் பழகுவேன். அவை கேட்டுக்கொண்டு நின்றன என்பதற்கு மேல் அவற்றைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

அந்த ஆண்டு மாசியில், கூடத்து வாசலில் நின்ற இலுப்பையின் கிளையொன்று ஒடிந்து ஓடுகளை நொறுக்கியது. மரத்தில் பெயருக்குக்கூட ஓர் இலை இல்லை. வெட்டலாமா, கூடாதா என்று விவாதம் வைத்தார்கள். வெட்டும் கட்சியில் நான் எழுந்தேன். “உயிர் நீங்கிய உடலை வாசலில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் நாம் கூட்டம் நடத்துவது?” என்று கேட்டேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. வக்கீல் குமாஸ்தாக்களும் உபாத்தியாயர்களும் மாணாக்கர்களும் நிறைந்த அந்தக் கூடத்தில் ஏர் பிடித்தவர் ஒருவரும் இல்லை. வெளியே போய் மரத்தைத் தொட்டுப் பார்த்தவரும் இல்லை. பத்தாம் நாள், திங்கட்கிழமை, வெட்டுவதாகத் தீர்மானமாயிற்று.

சபையில் ஒரு வழக்கம் உண்டு. நாக்கு ஒரு பக்கமே சாய்ந்து பழகிவிடக் கூடாதென்று, வென்றவனே மறுவாரம் எதிர்க்கட்சியில் பேச வேண்டும். அது வெறும் பயிற்சி, தீர்மானம் மாறாது.

கூடத்துக்கு எதிரே வெற்றிலையும் சுருட்டும் விற்கும் ராவுத்தர், நான் வெளியே வந்ததும் கூப்பிட்டார்.

“என்ன தம்பி, மரத்தைப் பேசியே சாய்ச்சுட்டீயளாமே. கோடாலிக்காரன் எதுக்கு? இன்னுஞ் செத்த நேரம் நின்னு பேசுங்க, அதுவா விழுந்துரும்.”

“அது பட்ட மரம், ராவுத்தரே.”

“அப்படியா. இருவது வருசமா இது நெழல்லதான் கடை வச்சிருக்கேன். வருசா வருசம் மாசி மாசம் செத்துப்போவுது. இன்ன வரைக்கும் ஒருத்தரும் எடுத்து அடக்கம் பண்ணல.”

கடைக்கு நிழல் போய்விடும் என்ற வருத்தத்தில் பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டு நடந்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை எதிர்க்கட்சிக்கு வாதம் தேவைப்பட்டது. ஆகவே வாழ்நாளில் முதல் தடவையாக, வாயை மூடிக்கொண்டு அந்தச் சாலையில் நடந்தேன்.

இலவ மரம் ஓர் இலையுமின்றிச் செம்பூக்களைத் தாங்கி நின்றது. வேம்பு பழுத்த இலைகளை உதிர்த்துக்கொண்டிருந்தது. குளக்கரை அரசு பாதி மொட்டையாயிருந்தது. என் வாதப்படி இவையெல்லாம் பிணங்கள். ஊரில் யாரும் அழுததாகத் தெரியவில்லை.

அன்று திறந்த கண்ணை நான் மூடவில்லை. பங்குனியில் புங்கு பளபளக்கத் தளிர்ப்பதையும், சித்திரையில் வேப்பம்பூ வழியெங்கும் பொரி சிந்தியதுபோல் கிடப்பதையும், கொன்றை மஞ்சள் சரங்களைத் தொங்கவிடுவதையும், ஆனியில் நாவற்பழம் விழுந்து தரை கறுப்பதையும் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஐப்பசியில் அய்யனார் கோவில் ஓடை பெருகும்போது வெளுத்த அடிமரத்தோடு நீரில் நிற்கும் மருதங்களைப் பார்க்கவென்றே மேற்கே போகிறேன். விலைமதிப்புள்ள அபூர்வ மரம் எதையும் தேடி நான் அலைந்ததில்லை. சாலையில் நிற்பவை போதும்.

அந்தச் சனிக்கிழமை கூடத்தை அடைந்ததும் இலுப்பையின் தாழ்ந்த கிளையை வளைத்தேன். நுனிதோறும் துருநிறப் பஞ்சு போர்த்த மொட்டுகள் கொத்துக்கொத்தாக இருந்தன. ஒரு நுனியைக் கிள்ளினேன், பால் கசிந்தது. நான் கொன்ற மரம் பூக்கப் போகிறது.

மேடையேறி, அந்த மரம் உயிரோடிருக்கிறது என்று பேசினேன். அதுவரை நான் பேசியவற்றுள் அதுவே சிறந்த பேச்சு. முன்னிலும் பலமாகத் தட்டினார்கள். சபைக்குத் தலைமை வகித்த அக்கிராசனர் மகிழ்ந்துபோய், “நல்ல பயிற்சி. உள்ளதைப் போலவே சொல்லுதீரே” என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் எவ்வளவு நன்றாகப் பேசுகிறேனோ அவ்வளவுக்கு யாரும் நம்பமாட்டார்கள். நாளை மறுநாள் கோடரி வந்துவிடும்.

மேடையை விட்டு இறங்கினேன்.

“ஐயா, இது பயிற்சி இல்ல. போன வாரம் நான் பேசுனது தப்பு. மரத்தைப் பாக்காமப் பேசிட்டேன்.”

பின்வரிசையில் என் நண்பன் ஒருவன், “ஏலே, எறங்கி நின்னு பேசுதது புதுசா இருக்கே. இது எங்க படிச்ச?” என்றான். கூடம் சிரித்தது.

அதற்கு என்னிடம் பதிலுரை இருந்தது, சொல்லவில்லை. கூட்டத்தைப் பாதியில் விட்டு வாசலுக்குப் போய் மரத்தடியில் நின்றேன். சபை வரலாற்றில் பேசுகிறவன் வெளியேறியது அதுவே முதல் தடவை. என்னவோ ஏதோவென்று அக்கிராசனர் எழுந்து வந்தார். அவர் வந்ததால் மற்றவர்களும் வந்தார்கள். நான் அடிமரத்தைக் காட்டினேன். அவர் பேனாக்கத்தியால் பட்டையை இலேசாகக் கீறினார். வெள்ளைப் பால் திரண்டு அவர் விரலில் வழிந்தது. கத்தியை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே போனதும் தீர்மானப் புத்தகத்தை என் முன்னால் தள்ளினார்.

“நீரே எழுதும்.”

மரம் வெட்டப்படாது என்று எழுதினேன். அவர் போதாதென்பதுபோல் பார்த்தார். அதன் கீழே, முன்வாரம் பேசியவர் பிழைபடப் பேசினார் என்றும் எழுதி, முழுக் கையொப்பமிட்டேன். நல்ல பெரிய எழுத்தில் எழுதினேன். என் கையெழுத்தும் என் பேச்சைப் போலவே தெளிவானது.