வாய்க்காலுக்கு அந்தாண்ட ஒரு கல்

என் எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நான்காவது வகுப்போடு நின்றவன். ற வர வேண்டிய இடத்தில் ர விழுந்திருந்தால் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நேரில் சொல்லலாமே என்றால் அது எனக்கு இன்னும் கஷ்டம். நாலு பேர் எதிரில் நின்றால் இன்றைக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் அந்தக் கல்லைப் பற்றி எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முழங்கால் உயரம், தலை தட்டையான கருங்கல். இந்த முகத்தில் பிரெஞ்சுக்காரன் செதுக்கிய எழுத்து, அந்த முகத்தில் இங்கிலீஷ்காரன் செதுக்கியது. பாகூர் ஏரி வாய்க்காலின் கடைசியில், பனைமேட்டைத் தாண்டி நிற்கிறது. என் மாமனாரின் பிழைப்பு ஒரு நாள் முழுக்க அந்தக் கல்லை நம்பி இருந்தது.

மாமனாருக்கு ஊர் செலியமேடு, பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள். மதகைத் திறந்து மூடி, வயல் வயலாகத் தண்ணீர் பிரித்துவிடுவது அவர் வேலை. கொம்யூன், அதாவது பிரெஞ்சுக்காரன் வைத்த ஊராட்சி, கொடுத்த வேலை. அவர் மண்வெட்டியோடு வந்து நின்றால் வரப்புச் சண்டை அடங்கிவிடும். அந்த வேலைக்கு ஆசைப்பட்ட ஒருவர், இவர் பிரெஞ்சுக் குடியே இல்லை, கடலூர்ப் பக்கம் இங்கிலீஷ்காரன் எல்லையில் பிறந்தவர் என்று மேரியில், அதுதான் கொம்யூன் ஆபீசில், மனு கொடுத்துவிட்டார். அது பொய்யும் இல்லை. மாமனாரின் அம்மாவுக்கு அங்கேதான் தாய்வீடு. எங்கள் பக்கம் ஒரு வயல் இவன் எல்லை, அடுத்த வயல் அவன் எல்லை. பெண் எடுக்கிறவர்கள் எந்தக் கொடி பறக்கிறது என்று பார்ப்பதில்லை. மேரியில் இருந்த குமாஸ்தா ஒரு வழி சொன்னார். அப்பாவாவது பிரெஞ்சு எல்லைக்குள் பிறந்தவர் என்று காட்டினால் வேலை போகாது. வெள்ளிக்கிழமை பகலுக்குள் காட்ட வேண்டும், சாப்பாட்டுக்கு எழுவதற்கு முன் கொம்யூன் தலைவர் மேர் வேலைநீக்கக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

பிறப்புப் பதிவு இல்லாத காலத்துப் பிறப்பு அது. பழைய குடிக்கணக்குப் புத்தகங்கள்தான் கதி. வீடு வீடாகப் போய் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதியவை. குமாஸ்தா செலியமேட்டுக் கணக்கை இரண்டு நாள் புரட்டினார். மாமனாருடைய பாட்டன் பேர் இருந்தது, குழந்தையாக அவர் அப்பா இல்லை. மாமனார் வீட்டுக்கு வந்து கை கழுவாமலே உட்கார்ந்திருந்தார். என் மனைவி அப்போது நிறைமாதம், தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளைப் பார்க்கத்தான் நானும் என் ஊர் ஏம்பலத்திலிருந்து போயிருந்தேன். அவள் உள்ளே படுத்தபடியே கேட்டாள்: "ஏம்பா, நான் இங்க இன்னாத்துக்கு வந்து கெடக்கறேன்? தலைச்சன் புள்ள எங்க பொறக்கும்? தாத்தா பொறந்தத அவங்க அம்மா வூட்டுக் கணக்குல இல்ல தேடணும்?" மாமனார் மகள் இருந்த பக்கம் திரும்பி, "இத்தன ஆம்பளைங்க சேர்ந்து தேடினோமேடி" என்றார். அன்றைக்குத்தான் சாப்பிட்டார்.

மாமனாருடைய அப்பாவைப் பெற்றவளின் தாய்வீடு பனைமேட்டில் இருந்தது. காய்ச்சல் வந்து எப்போதோ காலியான குடியிருப்பு. எனக்குத் தெரிந்து அங்கே பனைமரங்களும் ஒரு தூர்ந்த கிணறும்தான். வெள்ளிக்கிழமை காலை குமாஸ்தா அதன் கணக்கை எடுத்தார். மகள் பிள்ளை பெற வந்திருக்கிறாள், ஆண் குழந்தை, பிறந்து இருபது நாள், தகப்பன் செலியமேடு என்று இருந்தது. மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் மனு கொடுத்தவரும் அங்கே நின்றிருந்தார். "பனைமேடு எல்லையில இருந்த ஊரு. கணக்கு எழுத வந்தவன் ரெண்டு பக்கத்து வூட்டையும் சேர்த்து எழுதிட்டுப் போயிருப்பான். படத்தப் பாருங்க ஐயா" என்றார். குமாஸ்தா தகரக் குழலிலிருந்து ஊர்ப்படத்தை உருவி விரித்தார். நான் மேசை ஓரத்தில் இருந்தேன். மாமனார் செருப்பைக் கையில் பிடித்தபடி வாசற்படியிலேயே நின்றார். குமாஸ்தாவின் விரல் ஒரு நீலக் கோட்டின் மேல் ஊர்ந்து நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து சின்னக் கட்டங்கள். "வூடெல்லாம் எல்லைக்கு அப்பால இருக்கே, பெரியவரே" என்றார். மாமனார் படத்தைப் பார்க்கக்கூட உள்ளே வரவில்லை. படம் பொய் சொல்லாது என்று நினைத்திருப்பார். கும்பிட்டுவிட்டு இறங்கினார். "மதக நான் பாத்துக்கறேன், நீ பேரப்புள்ளயப் பாரு" என்று பின்னாலிருந்து மனு கொடுத்தவர் குரல் வந்தது.

வெயிலில் நடந்தோம். அவர் முன்னே, நான் பின்னே. ஏரிக்கரை ஏறியதும் சொன்னேன்: "மாமா, அவரு விரல் வச்சது எல்லைக் கோடு இல்ல. அது நம்ம வாய்க்கா. அந்த வளைவு எனக்குத் தெரியும்." வருஷா வருஷம் அந்த வாய்க்காலைத் தூர் வாரப் போகிறவன் நான். சேற்றை அந்தக் கரையில் கொட்டிவிட்டு, இன்னும் கொஞ்ச தூரம் நடந்து, அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துதான் கூழ் குடிப்போம். எல்லை என்றால் அந்தக் கல்தான். கட்டங்கள் எல்லாம் வாய்க்காலுக்கும் கல்லுக்கும் நடுவில். மாமனார் நின்றார். "இத அங்கயே சொல்லக் கூடாதா மாப்ள?" "நடக்கும்போதுதான் தோணிச்சு மாமா" என்றேன். சூரியனைப் பார்த்தார். உச்சிக்கு வர அதிக நேரமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி ஓடினார். ஐம்பது வயதுக்காரர். நான் பின்னால் ஓடினேன்.

மேரியில் காகிதம் மேர் அறைக்குப் போகத் தயாராக இருந்தது. மாமனார் மூச்சு வாங்க என்னை முன்னால் தள்ளினார். "நான் சொன்னா வேலைக்காவ சொல்றேன்னுவாங்க. நீங்க சொல்லுங்க." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படம் இன்னும் சுருட்டப்படாமல் கிடந்தது. நீலக் கோட்டின் மேல் விரலை வைத்தேன். "ஐயா, இது தண்ணி" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. விரலை மெதுவாக அந்தக் கட்டங்களைத் தாண்டி நகர்த்தினேன். குமாஸ்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். என் விரலுக்குக் கீழே, மடிப்பில் தேய்ந்துபோன சிவப்பு எல்லைக் கோடு ஒன்று இருந்தது. அவர் டவுன்காரர், அந்த வாய்க்காலைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "காலைல இதச் சொல்றதுக்கு வாயில இன்னாய்யா, கொழுக்கட்டையா?" என்றார்.

மாமனார் கடைசிவரை மதகு பார்த்தார். என் மகன் அந்த வாரமே செலியமேட்டில் பிறந்தான். அதற்குப் பிறகு நான் விருந்துக்குப் போகும்போதெல்லாம் மாமனார் இலை எதிரில் உட்கார்ந்து, "உப்பு போதுமா மாப்ள? இங்கயே சொல்லிடுங்க, ஏரிக்கர வரைக்கும் வச்சிருக்காதீங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நடக்கும்போது தோன்றியது என்று நான் சொன்னது பொய். குமாஸ்தாவின் விரல் கோட்டில் நின்றபோதே எனக்குத் தெரியும். நாலு பேர் எதிரில் வாய் திறக்கப் பயந்து, அவர் கும்பிட்டு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கும் அது தெரியும் என்று அந்த உப்பு கேட்கும் குரலிலேயே எனக்குப் புரிந்திருந்தது. அவர் படுக்கையில் கிடந்தபோது பக்கத்தில் மூன்று நாள் இருந்தேன். அப்போதும் சொல்லவில்லை.

இன்றைக்குப் பனைமேட்டுப் பக்கம் போனேன். இரண்டு கொடியும் போய்விட்டன. கல்லில் யாரோ எருமையைக் கட்டியிருந்தார்கள், கயிறு உரசி எழுத்துகள் மழுங்கிவிட்டன. கொஞ்ச நேரம் அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். "மாமா, எனக்கு அங்கேயே தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எருமை திரும்பிப் பார்த்தது. வீட்டுக்கு வந்து இதை எழுதினேன்.

ஆவணி மாதம் பத்தொன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை.