நிறுத்தி வைத்த விதி

நீதிமன்றத்தில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவனை ஓய்வுக்குப் பிறகும் விடமாட்டார்கள். எங்கள் சர்ச் கமிட்டி தீர்மானப் புத்தகத்தை என் தலையில் கட்டியது.

அதில் ஒரு பழைய விதி இருந்தது. சபைக்கு வெளியே கல்யாணம் செய்த பெண்ணுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. என் தங்கை அப்படிக் கல்யாணம் செய்தவள். கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை, அம்மாவின் பக்கத்தில் படுக்க வேண்டும்.

எங்கள் ஆட்களுக்குச் சண்டை ஆகாது. ஒரு கமிட்டி அந்த விதியை ‘நிறுத்தி வைக்கும்’. அடுத்த தேர்தலில் வேறு ஆட்கள் வருவார்கள். விதி எழுந்து உட்கார்ந்துவிடும். அப்போதும் அது நிறுத்தத்தில்தான் இருந்தது. “அடுத்த எலெக்‌ஷனுக்கு முன்ன செத்திரணும் அண்ணே,” என்பாள் தங்கை. சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கமிட்டியில் கத்தினேன். ஒருவழியாக விதியையே ஒழிக்கக் கை தூக்கினார்கள். செயலருக்குப் பழக்கம் போகவில்லை. “சாரே, நிறுத்தி வச்சிருக்குன்னு எழுதினா போராதா? ஆருக்கும் மனசு நோவாது.”

“என் தங்கச்சிக்கு நோவும் வோய்.”

ரத்து என்று எழுதியிருக்கலாம். அரபியில் திருப்பிவிடுவதைச் சொல்லும் சொல். பாரசீகம், உருது வழியாகக் கோர்ட்டுக் கச்சேரிக்குள் வந்து, இங்கே தமிழிலும் மலையாளத்திலும் ஒட்டிக்கொண்டது. ஆனால் ரத்தான ரயில் மறுநாள் ஓடுகிறதே. சட்டத் தமிழில் ‘நீக்கறவு’ என்று ஒன்று உண்டு. நீக்குவதும் அறுவதும் சேர்ந்தது. வாயில் நுழையாத சொல் என்று அலுவலகத்தில் நாங்களே கேலி செய்திருக்கிறோம். அன்று அதைத்தான் எழுதினேன், பேனாவை அழுத்தி.

எந்தத் தீர்மானமும் ஞாயிறு ஆராதனையில் வாசித்து, யாரும் எழுந்து மறுக்காவிட்டால்தான் எங்களிடம் செல்லும். செயலரின் நாக்கு அந்தச் சொல்லில் இரண்டு முறை இடறியது. நான் ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எழவில்லை. அப்பாடா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கப்படவில்லை.

ஆராதனை முடிந்து தங்கை அம்மாவின் கல்லறைக்குப் போனாள். பக்கத்து இடத்தைக் காலடி வைத்து அளந்தாள்.

“எனக்கு இது போரும் அண்ணே.” புடவையில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். “வா, தேங்காய்ப்பட்டணத்து மீன் வந்திருக்கும். இனி எனக்குச் சாவ ஒரு அவசரமும் இல்ல.”