கப்பல் விருந்தின் வாசலோடு திரும்பியவர்கள்

எங்களுக்குத் திருமணமாகி இருபத்தைந்து வருடம் ஆனதையொட்டி, போன பிப்ரவரியில் நானும் என் கணவர் செல்வராஜும் ஒரு கப்பல் பயணம் போய் வந்தோம். எங்களோடு சூலூரில் இருக்கும் என் அப்பாவையும் கட்டாயப்படுத்தி அழைத்துப் போனோம். அவருக்கு எழுபத்தொரு வயது. வால்பாறையில் எஸ்டேட் மேனேஜர்கள் கூடும் ஒரு கிளப்பில் முப்பத்தோரு வருடம் உணவு பரிமாறியவர். கடலை அதுவரை கரையில் நின்றுதான் பார்த்திருந்தார்.

கப்பல் கிளம்புவது சிங்கப்பூரிலிருந்து. கோவையிலிருந்து அங்கே நேரடி விமானம் இருக்கிறது. நாலரை மணி நேரம்; போக வர தலைக்கு இருபத்தோராயிரம் ஆனது. கப்பலில் மூன்று இரவு, மூவருக்கும் ஒரே அறை, சாப்பாட்டோடு ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். டிக்கெட்டோடு வந்த தாளில், இரண்டாம் நாள் இரவு விருந்துக்கென்று உடை விதி இருந்தது. ஆண்களுக்கு முழுக்கால் சட்டை, காலர் வைத்த சட்டை, மூடிய ஷூ. அரை டிராயர், செருப்பு கூடாது. கோட் போட்டால் நல்லது, கட்டாயமில்லை. பெண்களுக்குப் புடவையே போதும். கோவை கிராஸ்கட் ரோட்டில் கல்யாண மாப்பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுக்கும் கடையில் இரண்டு கோட் எடுத்தோம். ஒரு வாரத்துக்கு இரண்டாயிரத்து நானூறு. அப்பா அளவு பார்க்கக் கையை நீட்டியபடி நின்றார்.

இரண்டாம் நாள் காலை எட்டு மணிக்குக் கப்பல் மலேசியாவின் பினாங்கில் நின்றது. மாலை நாலு வரை நடந்தோம். புது ஷூ கடித்து என் கணவருடைய இரண்டு குதிகாலிலும் கொப்புளம். இரவு ஏழரைக்கு விருந்துக்குக் கிளம்பும்போது, "கோட்டுக்குக் கீழ எவன் பாக்கப் போறான்?" என்று ரப்பர் செருப்போடு வந்துவிட்டார்.

வாசலில் நின்ற பிலிப்பைன்ஸ் பெண் பார்த்துவிட்டார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார்: ஷூ மாற்றிக்கொண்டு வரலாம், இல்லையென்றால் பன்னிரண்டாம் தளத்தில் இருக்கும் சாதாரண உணவுக்கூடத்துக்குப் போகலாம், அங்கே விதி கிடையாது. எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. இவருக்கு முகம் சிவந்துவிட்டது. "காசு கட்டித்தானே வந்திருக்கோம்? உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க" என்று தெரிந்த ஆங்கிலத்தில் குரலை உயர்த்தினார்.

அப்பா அவர் கையைப் பிடித்தார். "அந்த அம்மணி மேல சத்தம் போடாதீங்க மாப்ள. வாங்க, மேல போயி சாப்பிடலாம்."

"நீங்க ஏனுங்க மாமா வாரீங்க? உங்களுக்குத்தான் எல்லாஞ் சரியா இருக்குதே. நீங்களும் உங்க புள்ளையும் போங்க."

"எனக்கு வேண்டாமுங்க."

மேலே கூட்டமில்லை. சோறு, பருப்பு, பொரித்த மீன் எடுத்துக்கொண்டு கண்ணாடியோரம் உட்கார்ந்தோம். கோட் போட்டபடி அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"சனிக்கெழம ராத்திரியானா கிளப்பு வாசல்ல நாந்தான் நிப்பேன் கண்ணு. ஷூ இல்லாம வந்தா உள்ள உடக்கூடாது. நம்ம தேவராசையும் நாந்தான் திருப்பி அனுப்பிச்சேன்."

தேவராஜ் என் தாய்மாமன் மகன். எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்து, படித்து, பக்கத்து எஸ்டேட்டுக்கே உதவி மேனேஜராக வந்தவர். இருபத்து நாலு வருடமாக எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. அம்மா இறந்தபோதும் வரவில்லை. என்ன மனத்தாங்கல் என்று எனக்குத் தெரியாது.

"மொத நாள் செருப்புப் போட்டுட்டு வந்தான். 'உள்ள போக முடியாதுங்க சார்'னு சொன்னேன். என்னையவே பாத்தான், போயிட்டான்."

"சட்டம் அப்படின்னா நீங்க என்னங்க மாமா பண்ணுவீங்க?" என்றார் இவர்.

"இல்லீங்க மாப்ள. விருந்தாளிக்குன்னு ஏழெட்டு சோடி ஷூ உள்ளயே இருக்குமுங்க. எல்லாத்துக்கும் எடுத்துக் குடுப்பேன். அவனுக்குக் குடுக்கல. அவன் உக்காந்தா நாந்தானே போய் தட்டு வெக்கோணும்? என்னோட மச்சான் மவன். அதுக்கு மனசு வரல."

இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அறைக்குத் திரும்பும் வழியில் இவர் விருந்துக்கூட வாசலுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

இதே பயணம் போகிறவர்களுக்கு: ஷூவை ஒரு மாதம் முன்பே வாங்கிப் போட்டுப் பழகுங்கள். கோட் இல்லாமலும் உள்ளே விடுகிறார்கள், அந்தச் செலவு தேவையில்லை. விருந்துக்குப் போக விருப்பமில்லையென்றால் மேல்தளச் சாப்பாடும் நன்றாகவே இருக்கிறது. வாசலில் நிற்பவரிடம் கோபப்படாதீர்கள். அந்த விதியை எழுதியவர் அவரில்லை.

ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு, அப்பாவே காலையில் குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு, "அவிநாசிக்குப் போலாமா கண்ணு?" என்றார். தேவராஜ் மச்சான் இப்போது இருப்பது அங்கேதான். சூலூரிலிருந்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். கருமத்தம்பட்டியில் பஸ் மாறினோம்.

மச்சானுக்கு முடியெல்லாம் நரைத்திருந்தது. உட்காரச் சொன்னார். அப்பா உட்காராமல், கப்பலில் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவரிடம் சொன்னார். உள்ளே ஷூ இருந்ததையும் சொன்னார்.

மச்சான் தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"ஷூ என்னோட ஜீப்புலயே கெடந்துச்சுங்க மாமா. போட்டுட்டு வந்திருக்கலாம். உங்களைய அங்க வெள்ள யூனிபார்மோட பாத்தேன். நீங்க எனக்குப் பரிமாறி நான் எப்பிடிங்க சாப்புடறது? அதுதான் திரும்பிட்டேன். அப்புறம் நாளாக நாளாக, எந்த மூஞ்சிய வெச்சுட்டு வர்றதுன்னு..."

அப்பா அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார். மச்சானின் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "பாப்பா இப்ப என்ன படிக்குது?" என்று கேட்டார். கடைசியாக அவர் பார்த்தபோது அது கைக்குழந்தை.

"அவளுக்குக் கல்யாணமாயி ரண்டு வருசமாச்சுங்க மாமா," என்றார் மச்சான்.