பெட்டிக்குள் வேம்புலி

புஷ்பாவின் அப்பா ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வெல்டர். குவார்ட்டர்ஸில் எந்த விழா நடந்தாலும் மைக்கைப் பிடித்துவிடுகிற பெண் அவள். அப்படித்தான் அம்பத்தூர் சுலைமானின் மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடச் சேர்ந்தாள்.

1989-இல் சுலைமானின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து பழைய ரிதம் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். நிஜமான டிரம்ஸை வாசித்துப் பதிந்த ஒலிகள் அதற்குள் இருந்தன. எந்த ஒலிக்குப் பிறகு எது என்று சொல்லிவைத்தால் தானே வாசித்துக்கொண்டு போகும். குழுவின் டிரம்மர் வேம்புலி அதன் பக்கமே திரும்பவில்லை. புஷ்பாதான் ஒத்திகை முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் தட்டித் தட்டிப் பழகினாள்.

திருவேற்காட்டுக் கச்சேரிக்கு வேம்புலி கோபித்துக்கொண்டு வரவில்லை. பெட்டி பிசகாமல் வாசித்தது. ஆனால் வழக்கமாக ஆடித் தீர்க்கும் முன்வரிசை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருவர் எழுந்து, வேம்புலி எங்கே என்றே கேட்டுவிட்டார். புஷ்பாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அந்தப் பெட்டியில் மைக் செருகிப் புது ஒலியும் பதியலாம். மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு மண்ணூர்பேட்டைக்கு, வேம்புலி வீட்டுக்குப் போனாள். அவருடைய அடியைப் பதிந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள்.

“என் அடிய பெட்டில பூட்டிக்கினு, என்னை ஊட்டோட குந்த வெச்சிடலாம்னு பாக்குறியா?”

“இல்லண்ணே. அது வாசிக்கட்டும், நீங்க அதோட மோதுங்க. எப்படி இருக்கும்னு எனக்குக் கேட்கணும்போல இருக்கு.”

வேம்புலியின் மனைவி ராஜம்மா, இந்தாளால் தன்னையே ஜெயிக்க முடியாது என்று சீண்டினாள். வேம்புலி உடனே உள்ளே போய், தெருத் திருவிழாக்களில் தான் அடிக்கும் சட்டி மேளத்தை எடுத்துவந்தார். ஒரு பதிவில் மேளத்தோடு ராஜம்மாவின் சிரிப்பும் விழுந்துவிட்டது. புஷ்பா அதை அழிக்கவில்லை.

அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறை வாசலில் மேடை. வேம்புலி ஒரு அடி போட, பதிந்துவைத்த அவர் அடியிலேயே பெட்டி திருப்பி அடித்தது. அவர் வேகத்தைக் கூட்ட, புஷ்பாவும் கூட்டினாள். “அண்ணாத்தே, கொஞ்சம் தள்ளிக்கோ” என்று அவர் பெட்டியைப் பார்த்து மைக்கில் சொன்னபோது கூட்டம் முழுக்க எழுந்து ஆடத் தொடங்கியது. கடைசியில் அவர் வேர்த்து விறுவிறுத்து நிற்க, புஷ்பா ராஜம்மாவின் சிரிப்பைத் தட்டிவிட்டாள். பெண்கள் வரிசையிலிருந்த ராஜம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு அந்தப் போட்டி இல்லாமல் கச்சேரி நடந்ததில்லை. பூந்தமல்லி, ஐயப்பன்தாங்கல் குழுக்காரர்கள் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு புஷ்பாவைத் தேடி வந்தார்கள். ஃபிளாப்பியில் சட்டி மேளத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களின் பாட்டுக்கெல்லாம் தாளம் கட்டிக் கொடுக்கும் வேலையும் அவளுக்கே வந்தது. அந்தப் பக்கத்துக் கல்யாண வரவேற்புகளில் மேற்கத்திய டிரம்ஸுக்கு நடுவே மண்ணூர்பேட்டை அடி கேட்கத் தொடங்கியது.

ஒரு முகூர்த்த நாளில் வேம்புலி பந்தியில் உட்கார்ந்தபடி சொன்னார்: “இன்னிக்கு நாலு மண்டபத்துல வாசிச்சுகினு கீறேன் புஷ்பா. சாப்பாடு மட்டும் ஒரே எடத்துலதான்.”

1996-இல் புஷ்பா சொந்தமாகக் குழு தொடங்கினாள். முதல் கச்சேரியில் பாட சுலைமானையே அழைத்தாள். ஒத்திகைக்கு ஐந்து நிமிடம் தாமதமாக வந்தவரை அவள் முறைத்ததை, அவரே சிரித்துச் சிரித்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.